விழுந்த மரத்தின் பெயர்

வடநாட்டில் குடியேறி வாழும் நம்மவர்க்கு 'ஆந்தி' என்னும் சொல்லைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. கோடையின் கடுமை மிகும் பொழுது ஒரு மாலையில் மேற்குத் திசை செந்நிறமாக மாறும், கதவுகள் அடித்துக்கொள்ளும், புழுதி எழுந்து தெருவை மறைக்கும். காற்று ஓய்ந்தபின் வெளியே வந்து பார்த்தால் ஏதேனும் ஒரு மரம் சாலையின் குறுக்கே கிடக்கும். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் டில்லியில் வீசிய புயற்காற்று சப்தர்ஜங் நிலையத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பதிவாயிற்று. ஜும்மா மசூதியின் நடுக்கும்மட்டத்துக் கலசமே அன்று முறிந்தது. மரங்களின் சேதத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

எங்கள் தெருவில், திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வீட்டின் பின்முற்றத்தில் நின்ற இரண்டு மரங்களும் அன்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அவரை நாங்கள் எல்லோரும் 'ஆச்சி' என்றே அழைப்போம். அவருடைய கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நாள்தோறும் காலையில் அம்மரங்களுள் ஒன்றன் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் பத்திரிகை படிப்பது வழக்கம். இரு மரங்களுக்கும் நடுவே துணி உலர்த்தும் கம்பிக்கொடி ஒன்றும் கட்டப்பட்டிருந்தது.

விழுந்த மரத்தை வெட்டியெடுப்பதற்கும் டில்லியில் விதி உண்டு. 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் மனையிலுள்ள மரங்களையும் கட்டுப்படுத்துவது. சுவரை நசுக்கிக்கொண்டிருந்த பகுதிகளை உடனே அறுத்து ஒதுக்கினார்களாயினும், கட்டைகளை வெளியேற்றும் அனுமதி கைக்கு வருவதற்குள் மழைக்காலம் கழிந்துவிட்டது. அதற்குள் இலைகள் மட்கிப்போயின. பட்டைகள் உரிந்து விழுந்தன. பதினோரு கட்டைகளும் ஒரே சாம்பல் நிறமாயின. இரண்டு மரங்களுள் ஒன்று சீசம், மற்றொன்று சிரிஸ் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டை எந்த மரத்தினது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

விறகுக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "எல்லாம் சிரிஸ்தான் அம்மா, எரிக்கத்தான் ஆகும்" என்று கூறி, எடைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைச் சொன்னார். ஆச்சிக்குப் பணம் பெரிதன்று. கம்பிக்கொடியின் தழும்பு பதிந்த கட்டைகள் இரண்டு அக்குவியலில் இருந்தன, மரத்துக்கு ஒன்று. அவற்றுள் தம் கணவர் அமர்ந்திருந்த மரத்தின் கட்டையைக் கொண்டு ஊஞ்சற்பலகை செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஒரு கட்டையின்மேல் கையை வைத்து, "தம்பி, இதுதான் அவுக உட்கார்ந்த மரம். சீசம்தானே இது? விலையுள்ள மரம் அல்லவா?" என்று என்னைக் கேட்டார். சீசம் உயர்ந்த மரம் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தமையால், தம் கணவர் அமர்ந்த மரமும் அதுவாகவே இருக்கும் என்று அவர் கொண்டுவிட்டார்.

நான் தாவரநூல் பயின்றவன் அல்லன்; கலைப் பட்டதாரி; மொழிபெயர்ப்பே என் தொழில். காட்டுமரங்களைப் பற்றிய அரசாங்க ஏடு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்த காலத்தில், சொற்களுக்குப் பொருள் தேடி டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் மரக்காட்சிச் சாலைக்குச் சென்றிருந்தேன். எழுநூறு வளையங்களுக்குமேல் கொண்ட ஒரு தேவதாருவின் குறுக்குவெட்டு அங்கே வைக்கப்பட்டுள்ளது. அதன் முன் நின்றபொழுதுதான், மரத்தின் வரலாறு அதன் வெட்டுமுகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அன்று முதல் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸு ஒன்று என் சட்டைப்பையில் இருந்துவருகிறது.

நிற்கும் மரத்தை இலையாலும் பூவாலும் காயாலும் அறிகிறோம். கட்டையாகிவிட்ட மரத்துக்கு அவை இல்லை. அப்பொழுது பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முற்படுகின்றனர். பிழை தொடங்கும் இடம் அதுவே. வெயிலும் மழையும் பட்டால் எம்மரமும் சில மாதங்களில் வெளுத்துச் சாம்பலாகும். அறுத்தவுடன் காணும் நிறமும், ஒரு வாரம் காற்றுப்பட்டபின் காணும் நிறமும் வேறு. ஒரே மரத்தின் நடுவிலுள்ள வைரம் கருமையாகவும், அதைச் சூழ்ந்த வெளிறு ஏறக்குறைய வெண்மையாகவும் இருக்கும். மெருகு பூசிய மரச்சாமான்களின் நிறத்தைப் பற்றியோ பேசவே வேண்டியதில்லை. அது மரத்தின் நிறமன்று, கடைக்காரரின் நிறம்.

பெயரை நம்புவதும் நிறத்தை நம்புவதைப் போன்றதே. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதை நான் பட்டறிந்திருக்கிறேன். வடநாட்டுத் தோட்டக்காரர்கள் 'அசோக்' என்று காட்டும் நெட்டை மரம் நமது நெட்டிலிங்கம். சீதை அமர்ந்த வனத்துக்குப் பெயர் தந்த அசோகம் முற்றிலும் வேறு. இங்குள்ள சீசத்தை நம்மவர் 'ஈட்டி' என்று ஊருக்குக் கடிதம் எழுதுகின்றனர். ஈட்டி அல்லது தோதகத்தி என்பது தென்னாட்டு மலைக்காடுகளில் வளரும் மரம். சீசம் இமயத்தின் அடிவாரத்து ஆற்றங்கரைகளுக்கு உரியது. இரண்டும் ஒரே பேரினத்தின் உறவினர்களே யன்றி ஒரே மரம் அல்ல. சிரிஸ் என்பதோ நமக்கு நன்கு பழகிய வாகைதான். வடமொழியில் அது சிரீடம். மெல்லியலார் காதில் அணியும் மென்மலராகக் காளிதாசன் அதைக் கண்டான். வென்ற வேந்தன் சூடும் மலராக நம் முன்னோர் அதைக் கண்டனர். மேனாட்டு மரவணிகரோ அதன் வைரத்தைக் 'கீழை இந்திய வால்நட்' என்று விற்றனர். வால்நட்டுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை.

இனி ஆச்சியின் முற்றத்துக்கு வருவோம். கட்டையின் தலைப்பு, அதாவது குறுக்காக அறுபட்ட முகமே நாம் படிக்க வேண்டிய பக்கம். ஆனால் ரம்பம் அறுத்த முகத்தை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல்லின் கீறல்களும் மரத்தூளும் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் தலைப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் அறுத்துத் தள்ளிப் புதுமுகம் காண வேண்டும். பிறகு புதிய சவர அலகு ஒன்றால், தபால் தலையளவு இடத்தை ஒரே இழுப்பில் மெல்லச் சீவ வேண்டும். அலகு மழுங்கியிருந்தால் திசுக்கள் நசுங்கிவிடும். இச்சோதனையில் பலர் தோற்பது லென்ஸினால் அன்று, அலகினால். சீவிய இடத்தை ஒரு துளி நீரால் நனைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கட்டைத்துண்டைக் கண்ணருகே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

முதலிற் காண வேண்டுவது துளைகள். வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்களின் வாய்களே அவை. துளையே காணவில்லையானால், அது தேவதாரு, சில் பைன் போன்ற ஊசியிலை மரமாகும். பெட்டி செய்யும் பலகைகள் பல இவ்வகையின. துளைகள் உண்டென்றால் அவை எவ்வாறு பரவியுள்ளன என்பது அடுத்த கேள்வி. தேக்கில் ஆண்டு வளையம் தொடங்கும் இடத்தில் பெருந்துளைகள் மாலைபோல் வரிசையாக நிற்கும். வளையத்தின் பிற்பகுதியில் சிறுத்துவிடும். தேக்கென்று சொல்லி விற்கும் வேறு மரங்களைப் பிடிக்க இதுவும், தோலை நினைவூட்டும் அதன் மணமும் போதும். வாகையிலும் சீசத்திலும் அத்தகைய மாலை இல்லை; துளைகள் முகமெங்கும் சிதறிக் கிடக்கும்.

அப்படியானால் இவ்விரண்டையும் பிரிப்பது எது? துளையைச் சூழ்ந்துள்ள வெளிர்நிற மென்திசு. மரம் தன் உணவைச் சேமித்து வைக்கும் அறைகள் அவை. வாகையில் துளைகள் பெரியன. உற்றுநோக்கினால் வெறுங்கண்ணுக்கே புலப்படும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மென்திசு ஒரு வெளிறிய வளையமாக, கண்ணைச் சுற்றிய இமைபோல் அமைந்திருக்கும். சீசத்தில் அது வட்டமாக நில்லாது இருபுறமும் இறக்கைபோல் நீளும். பக்கத்துத் துளையின் இறக்கையோடு கைகோத்து, மெல்லிய அலையலையான கோடுகளாக ஓடும். கடலோரத்தில் பின்வாங்கிய நீர் விட்டுச் சென்ற வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சீசத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. கட்டையின் பக்கவாட்டு முகத்தை, ஆண்டு வளையங்களைத் தழுவியவாறு இழைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், நாரின் குறுக்காக மிக நுண்ணிய கோடுகள், பட்டுத்துணியின் ஊடைபோல், அடுக்கடுக்காகத் தோன்றும். மரத்தினுள்ளே திசுக்கள் மாடிவீட்டின் தளங்களைப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் தோன்றுவது அது. ஈட்டியிலும் வேங்கையிலும் இவ்வொழுங்கு உண்டு. வாகையில் இல்லை.

எடையும் ஓரளவு உதவும். நன்கு உலர்ந்த சீசம் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். வாகை 18 கிலோ அளவில் நிற்கும். ஆனால் மழையில் ஊறிய கட்டையை நிறுத்துப் பார்ப்பது நீரை நிறுத்துப் பார்ப்பதேயாகும். ஆகவே ஆச்சியின் முற்றத்தில் அதை நான் முயலவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதினோரு கட்டைகளையும் பார்த்தோம். மிஸ்திரி அறுத்துக்கொடுத்தார், நான் சீவினேன், ஆச்சி தேநீரோடு வந்து நின்றார். ஆறு கட்டைகளில் அலைக்கோடுகள் தெளிவாக இருந்தன. ஐந்தில் இமை சூழ்ந்த கண்கள். ஆச்சி கைவைத்துக் காட்டிய கட்டை, இந்த ஐந்தில் ஒன்று.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். "ஆச்சி, இது சீசம் அன்று, வாகை" என்றேன். அவர் முகம் வாடிற்று. "அப்போ அவுக உட்கார்ந்த மரம் அந்தக் கட்டையா?" என்று மற்றொன்றைப் பார்த்தார். அக்கட்டை அவருக்கு அயலாகவே தோன்றியிருக்க வேண்டும்.

அப்பொழுது நான் ஒரு கேள்வி கேட்டேன். லென்ஸு எவ்வளவு காட்டினாலும், மரத்தை உயிரோடு கண்டவர் நினைவில் உள்ளதை விட்டுவிடலாகாது. "ஐயா உட்கார்ந்த மரத்தின் காய் எப்படி இருக்கும், நினைவிருக்கிறதா?" என்றேன். ஆச்சி சற்றும் யோசிக்கவில்லை. "காயா? பட்டை பட்டையா, சாண் நீளம் இருக்கும். காய்ஞ்சா வைக்கோல் நிறம். காத்தடிச்சா மரம் முழுக்கச் சலசலன்னு ஒரே சத்தம். பேப்பர் மேலே விழும், அவுக தட்டிவிட்டுக்கிட்டே வைவாக" என்றார். சீசத்தின் காய் விரல் நீளமே உள்ளது; மெல்லியது; சில விதைகளையே உடையது; ஓசை செய்வதன்று. சலசலக்கும் அகன்ற நெற்று வாகையினுடையது. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலிக்கு உவமிக்கப்படுவது இவ்வொலியே. முற்றத்துச் சாக்கடை ஓரத்தில் தேடியபொழுது மட்கிய நெற்றுகள் இரண்டும் கிடைத்தன.

ஆகவே ஆச்சி தொட்ட கட்டை சரியான கட்டையே. பெயர்தான் தவறு.

இவ்விடத்தில் லென்ஸின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது பேரினத்தைக் காட்டும். இனத்தைப் பிரிக்கப் பல வேளைகளில் அதனால் இயலாது. வாகைக்கு உறவான மரங்கள் பல. நம் ஊர்ச் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் வெட்டுமுகமும் ஏறத்தாழ இதைப் போன்றதே. நெற்று கிடைத்திராவிட்டால் 'வாகையின் குடும்பம்' என்பதோடு நான் நின்றிருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட உறுதி வேண்டுவோர் நுண்ணோக்கியையும், ஐயமறப் பெயர் தெரிந்த மாதிரிகளையும் நாட வேண்டும். டேராடூன் நிலையத்தில் உலகெங்குமிருந்து திரட்டிய 18,000-க்கும் மேற்பட்ட மர மாதிரிகள் உள்ளன. காம்பிள் என்பார் இந்திய மரங்களைப் பற்றிய கைந்நூலை 1881-இல் வெளியிட்டார். பியர்சனும் பிரௌனும் எழுதிய இரு தொகுதிகள் 1932-இல் வந்தன. இவற்றின் வழிவந்த பயிற்சியாலேயே, 1946-இல் ஹரப்பாவின் இடுகாட்டில் வெளிப்பட்ட சவப்பெட்டியின் மரச்சிதைவுகளைக் கண்டு, தேவதாருவும் ஈட்டி இனமும் அதில் உள்ளன என்று டேராடூன் அறிஞர் சௌதுரியும் அவர் துணைவரும் கூற முடிந்தது. தேவதாரு ஹரப்பாவின் சமவெளியில் வளர்வதன்று. இமயத்திலிருந்து வந்திருக்க வேண்டும். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வணிகவழி, நகக்கண் அளவு மரத்தூளிலிருந்து புலனாயிற்று.

நாட்டு வணிகத்துக்கும் இது வெறும் ஆராய்ச்சி அன்று. ஈட்டியும் சீசமும் அடங்கிய பேரினம் முழுவதையும் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர்வதேச உயிரின வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தனர். தோட்டத்திலும் வயலோரத்திலும் வளரும் சீசத்தைச் செதுக்கிப் பிழைக்கும் சகாரன்பூர்க் கைவினைஞரும் அதனால் இடர்ப்பட்டனர். 2022-இல் பனாமாவில் கூடிய மாநாட்டிலேதான், தனித்தனிப் பொருள் 10 கிலோவுக்கு உட்பட்டதாயின் சீசப் பொருள்களுக்குத் தடையில்லை என்ற விளக்கம் கிடைத்தது. பெட்டியின்மேல் எழுதும் மரப்பெயர் ஒன்று ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பாதிக்கும் நிலை இது.

தம் தெருவில் மரம் விழுந்து, அதன் கட்டையைப் பயன்படுத்த எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச்சாலையில் விழுந்த மரம் அரசின் உடைமை. தொடுவதற்கு முன் கேட்டறிக. அந்தந்த மாநிலத்தின் விதியும் வேறுபடும். உம்முடையதேயானால், இலை வாடுவதற்கு முன் இலையோடு கூடிய ஒரு கொம்பையும், காயையும், உள்ளங்கையளவு பட்டையையும் எடுத்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துவிடுங்கள். எந்தக் கட்டை எந்த மரத்தினது என்பதைச் சுண்ணாம்பால் எழுதிவிடுங்கள். இவ்விரண்டையும் நாங்கள் அன்று செய்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். மேலும், எதிர்பார்க்கக்கூடிய மரங்கள் சிலவே என்பதையும் மறவாதீர்கள். புதுடில்லியின் பழைய சாலைகளில் திட்டமிட்டு நட்டவற்றுள் வேம்பு, நாவல், மருது, புளி ஆகியவை முக்கியமானவை; நமக்கு ஊரிலேயே பழகியவை. செம்மை படர்ந்த வைரத்தால் வேம்பையும், அகன்ற வெளிற்றின் நடுவே ஒழுங்கற்ற கருஞ்சிவப்பு வைரத்தால் புளியையும் ஓரளவு ஊகிக்கலாம். ஊகம் ஊகமே, லென்ஸால் சோதித்துக்கொள்க.

பெயர் தெரிந்ததனால் ஆச்சிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சீசக்கட்டைகள் ஆறையும் மரச்சாமான் செய்யும் ஒருவர் விறகின் விலைக்குப் பன்மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டார். சுவரை மீண்டும் எழுப்ப அது உதவிற்று. வாகையைப் பொறுத்தவரை, பெயரே வேலையின் முறையை வகுத்துக்கொடுத்தது. வாகையின் வெளிறு அகலமானது. வண்டு எளிதில் துளைப்பது. அதை முழுவதும் சீவித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் பலகையாக அறுக்கச் சொன்னோம். சீசம் என்று எண்ணியிருந்தால் அவ்வளவு கவனித்திருக்க மாட்டோம். கம்பி புதைந்திருக்கக்கூடிய இடத்தைக் காந்தத்தால் தேடி, எஞ்சியிருந்த இரும்பைப் பிடுங்கிய பின்னரே ரம்பத்துக்குக் கொடுத்தோம். அறுத்த பலகைகளின் இரு தலைப்புகளிலும் சாயம் பூசி, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, நிழலில் உலரவிட்டோம். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. பலகையின் கனம் இரண்டு அங்குலம்.

இரண்டாண்டு கழித்து இழைக்கும் நாள் வந்தது. வாகைத்தூள் மூக்கில் ஏறினால் அடக்கமுடியாத தும்மல் வரும் என்று நான் முன்னரே எச்சரித்திருந்தேன். "நாற்பது வருஷமாக இழைக்கிறேன்" என்று மிஸ்திரி சிரித்தார். கால்மணி நேரத்தில் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அதுவரை நான் சொன்ன எந்தச் சான்றையும் விட அந்தத் தும்மலையே அவர் பெரிய சான்றாக ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பழுப்பில் கருவரிகள் ஓடிய அழகிய பலகையாக அது அமைந்தது. ஓரத்தில் மட்டும், கம்பியின் துரு மரத்தோடு கலந்த இடத்தில், மை சிந்தினாற்போல் ஒரு நீலக்கருப்புத் தழும்பு. அதையும் இழைத்துவிடலாம் என்று மிஸ்திரி இழைப்புளியை எடுத்தார். "வேண்டாம், இருக்கட்டும்" என்று ஆச்சி தமிழிலேயே சொன்னார். மிஸ்திரிக்கு அது விளங்கிற்று.